இடது பையில் ஒரு புளியங்கொட்டை

டயர்த் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் முதலில் என் அனுதாபம். வாழ்த்து எழுதித் தரும்படிதான் கேட்டிருந்தார்கள். ஆனால் எல்லாரும் குளிர்கால டயருக்கு மாறுகிற ஒக்டோபர் மாதம் எப்படி இருக்கும் என்று தெரிந்த ஒருவனால் அதை மனச்சாட்சியோடு சொல்ல முடியாது. ஜெர்மனியில், வுப்பர்டால் நகரத்தில், ஒரே டயர்ப் பட்டறையில் இருபத்தாறு வருடம் நின்று ஓய்வு பெற்றவன் நான். அந்தக் காலத்தில் எத்தனை சக்கரம், எங்கள் பேச்சில் சில்லு, கழற்றிப் பூட்டினேன் என்று எனக்குத் தெரியாது. என் முதுகுக்குத் தெரியும். கட்டிலில் திரும்பிப் படுக்கும்போது ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்டும்.

சில்லை எப்படி மாற்றுவது என்று நான் சொல்லித் தரப் போவதில்லை. அதை உங்கள் பட்டறைகளில் என்னைவிட நன்றாகச் சொல்லித் தருவார்கள். என்னைப் பெரிய கெட்டிக்காரன் என்று நானே நினைத்துக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமையில் என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்கள் சிரிக்கலாம். நான் களைத்துப் போனதால் உங்களோடு சேர்ந்து சிரிப்பேனே தவிர, முதலில் தொடங்க மாட்டேன்.

உங்களிடம் வருகிற ஆட்களில் பாதிப்பேர் கேட்கப் போவது ஒரே கேள்விதான்: "ஆகக் குறைஞ்ச செலவில என்ன செய்யலாம்?" நானும் தொடக்கத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டவுடன் முகத்தைச் சுளித்திருக்கிறேன். நான் மட்டும் என்னவோ வெள்ளி ரிம்மில் ஊர்வலம் போகிறவன் மாதிரி. பிறகுதான் விளங்கியது, அது நல்ல கேள்வி. பதில்தான் ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே பதிலுக்கு நீங்கள் மூன்று விஷயம் கேளுங்கள். வீடு சமதரையிலா, மேட்டிலா? காலையில் எத்தனை மணிக்கு வேலை? கழற்றிய நாலு சில்லையும் வைக்க இடம் இருக்கிறதா?

சமதரையில் இருக்கிறார், கொஞ்சமாக ஓடுகிறார், பனி கொட்டினால் பஸ்ஸில் போய்விடுவார் என்றால் நாலு பருவத்துக்குமான ஒரே டயர் போதும். வருடம் இருமுறை உங்கள் முகத்தைப் பார்க்கிற துன்பம் அவருக்கு மிச்சம். மேட்டில் வீடு, விடியுமுன் வேலை, லீவு எடுக்க ஏலாது என்றால் குளிர்கால டயர்தான். ஆனால் அதைத் தனி ரிம்மில் பூட்டி வைத்திருக்கச் சொல்லுங்கள். ரிம்முக்குக் கொடுக்கிற காசு ஒருமுறைதான். ஒரே ரிம்மில் டயரைக் கழற்றிக் கழற்றிப் போட்டால் ஒவ்வொரு ஒக்டோபரும் குளிருக்கு, ஒவ்வொரு ஈஸ்டரும் கோடைக்கு என்று கூலி.

சுகந்திக்கு நான் சொன்னது இரண்டாவது பதில்.

சுகந்தி முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை செய்கிறவள். தனியாகவே ஒரு மகளை வளர்த்தாள். வுப்பர்டாலின் ஏற்றங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சில தெருக்களுக்குப் பக்கத்தில் படிக்கட்டும் கட்டி வைத்திருப்பார்கள். அப்படியொரு ஏற்றத்தின் உச்சியில் அவளுடைய வீடு. காலை வேலை ஆறு மணிக்குத் தொடங்கும். பட்டறைக்கு வந்து இப்படித்தான் தொடங்கினாள்:

"அண்ணை, நாலு பருவமும் ஒரே டயரில ஓடலாமாமே. எனக்கு அதைப் போட்டு விடுங்கோவன். ஒரு தொல்லை போகும்."

"பிள்ளை, உம்மட வீட்டு ஏத்தத்தில பனி விழுந்தா நான் நடந்துகூட ஏறமாட்டன்."

"நீங்கள் வெயிலிலயும் ஏறமாட்டியள். அந்த வண்டியோட எங்க ஏறுறது?"

என் வண்டி என்று அவள் சொன்னது என் வயிற்றை. ஆனாலும் சொன்னதைக் கேட்டாள். கொஞ்சமே ஓடிய குளிர்கால டயர் நாலு, ரிம்மோடு, நானே தேடி எடுத்துக் கொடுத்தேன். "டயருக்கு உள்ள செலவு இதோட முடிஞ்சுது. மாத்துற வேலையை எங்கட சனிக்கிழமையில பாப்பம்" என்றேன். அந்தச் சொல்லை மறந்துவிடாதீர்கள். அவளுடைய கார் எங்கள் சனிக்கிழமைக்கு வந்தது நான் சொல்லித்தான்.

சனிக்கிழமை என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். ஒக்டோபரில் பட்டறையில் டெர்மின், அதாவது முன்பதிவு நேரம், கிடைக்க மூன்று நாலு கிழமை பிடிக்கும். எங்கள் ஆட்களில் பலருக்கு ஷிஃப்ட் வேலை. கிடைத்த டெர்மினுக்கும் வர ஏலாது. குணம் அண்ணை என்று என்னைவிடப் பத்து வயது மூத்த ஒரு நண்பர் இருக்கிறார். தன் வீட்டுக்குப் பின்னால் ஒரு முற்றத்தின் கோடியில் கராஜ் ஒன்றை வாடகைக்கு வைத்திருந்தார். கோயில் திருவிழாவுக்குப் பட்டியல் போட்டுப் பழகிய கை அவருக்கு. பட்டியல் போட ஒரு சாட்டுத் தேடிக்கொண்டிருந்தவர், இதைப் பிடித்துக்கொண்டார். வருடத்தில் இரண்டு சனிக்கிழமை. தனி ரிம்மில் சில்லு வைத்திருப்பவர்கள் அந்த முற்றத்துக்குக் கொண்டுவருவார்கள், நான் நின்று மாற்ற உதவுவேன். யாருக்கும் செலவில்லை.

அப்போது நான் இன்னும் வேலையில் இருந்தேன். என் பட்டறைத் தலைவியிடம் இதை ஒளிக்கவில்லை. அந்த ஜெர்மன் பெண் என்னைவிட இருபது வயது இளையவள். கேட்டுவிட்டு இப்படிச் சொன்னாள்: "ஒரு சதமும் வாங்காதே. வாங்கினால் அது களவாகச் செய்கிற வேலை. வாங்காவிட்டால் அது உன் முட்டாள்தனம். முட்டாள்தனத்துக்குச் சட்டத்தில் தடையில்லை."

நான் ஒரு சதமும் வாங்கவில்லை. பிரச்சினை அங்கேதான் தொடங்கியது. எங்கள் ஆட்களுக்குச் சும்மா உதவி வாங்கத் தெரியாது. இவன் காசு வாங்க மாட்டான் என்று தெரிந்ததும் சாப்பாட்டால் தீர்க்கத் தொடங்கினார்கள். அந்தச் சனிக்கிழமை பதினொரு கார் வந்தது. பதினொரு காரின் பின்பக்கத்திலும் நாலு சில்லும் ஒரு சாப்பாட்டுப் பெட்டியும் இருந்தன. அதுவும் எப்போது தருவார்கள்? வேலை முடிந்த பிறகு அல்ல, ஆறிப்போகுமாம். நான் முழங்காலில் நிற்கும்போது தலைக்கு மேலே ரோல்ஸ் வரும். மறுக்க முடியுமா? ஒருவரின் வடையைத் தின்றுவிட்டு மற்றவரின் ரோல்ஸை வேண்டாம் என்றால் அடுத்த ஈஸ்டர்வரை அது கதை. நானும் மறுக்கிற சாதி இல்லை என்பதை என் வண்டியே சொல்லும்.

இனி என் முறையைச் சொல்கிறேன். இது எந்த ஜெர்மன் கைநூலிலும் இல்லை. காரை ஜாக்கில் தூக்கிச் சில்லை மாற்றி, போல்ட்டுகளைக் கைச்சாவியால் ஓரளவு இறுக்குவதைக் காருக்குச் சொந்தக்காரரே செய்வார். கார் தரைக்கு இறங்கிய பிறகு நான் வருவேன். என்னிடம் இருப்பது அளவுச் சாவி. நாங்கள் வைத்த அளவுக்கு இறுகியதும் 'டிக்' என்று சொல்லும் நீண்ட சாவி. ஒவ்வொரு போல்ட்டும் டிக் சொல்ல வேண்டும். அதுதான் உயிர். இத்தனை பேர், இத்தனை சாப்பாடு, இத்தனை பகிடிக்கு நடுவில் எந்தச் சில்லு முடிந்தது, எது முடியவில்லை என்பதை எப்படி நினைவு வைப்பது? குணம் அண்ணையின் மனைவி மலர் அக்காவின் சமையலறையிலிருந்து புளியங்கொட்டை வாங்கி வைத்திருந்தேன். பதினொரு காருக்கு நாற்பத்து நாலு சில்லு, இடது பையில் நாற்பத்து நாலு கொட்டை. ஒரு சில்லின் கடைசி போல்ட் டிக் சொன்னதும் ஒரு கொட்டையை வலது பைக்கு மாற்றுவேன். இதைக் கண்டுபிடித்ததற்காக நான் என்னையே மெச்சிக்கொண்ட நாட்கள் பல.

மூன்றரை மணிக்கு, குணம் அண்ணையின் காரைத் தவிர மற்ற எல்லாக் காரும் போய்விட்டன. நான் கை கழுவிவிட்டு, களைப்பில் கராஜ் வாசலில் ஒரு பழைய டயர்மேல் குந்தினேன். குந்தும்போது இடது தொடையில் ஏதோ குத்தியது. கையை விட்டேன். ஒரு கொட்டை.

வலது பையைக் கவிழ்த்து எண்ணினேன். நாற்பத்து மூன்று. திரும்பவும் எண்ணினேன். எண்ணிக்கை என் மீது இரக்கம் காட்டவில்லை.

"என்ன தம்பி, தாயம் விளையாடுறீரோ?" என்று கேட்டபடி குணம் அண்ணை வந்தார்.

"அண்ணை, ஒரு சில்லு இறுக்கேல்லை."

"ஆரின்ர சில்லு?"

"அதுதான் தெரியேல்லை."

அவர் கொட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "நீர் இறுக்கியிருப்பீர். கொட்டையை மாத்த மறந்திருப்பீர். ஒரு கையில சாவி, மற்றக் கையில வடை. கொட்டையை மாத்த மூண்டாம் கை எங்க இருந்தது?"

அவர் சொன்னது சரியாக இருக்கலாம். அதுதான் கொடுமை. சில்லு விடுபட்டிருக்கலாம், அல்லது கொட்டை மட்டும் விடுபட்டிருக்கலாம். எண்ணிப் பார்த்தேன். தேத்தண்ணிக்கு ஒருமுறை, வடைக்கு ஒருமுறை, மத்தியானம் ஆட்டுக்கறிக்கு ஒருமுறை எழும்பிப் போயிருந்தேன். மூன்று முறையும் ஏதோ ஒரு காரின் பக்கத்திலிருந்துதான் எழும்பினேன். எந்தக் கார்? ஆட்டுக்கறியின் ருசி நினைவிருந்தது, காரின் நிறம் நினைவில்லை.

"பட்டியலைப் பாத்து, அந்த நேரங்களில நிண்ட மூண்டு பேருக்கு மட்டும் ஃபோன் எடுத்துப் பாப்பமோ?" என்றேன்.

"அதில ஒருத்தரும் இல்லையெண்டா?" என்று கேட்டார் குணம் அண்ணை. பிறகு குரலைத் தணித்தார். "இஞ்ச பாரும். பதினொரு வீட்டுக்கும் எடுத்து, நான் சில்லு இறுக்க மறந்திட்டன், ஆரின்ரதெண்டும் தெரியாது எண்டு சொன்னீரெண்டால் ஊர் முழுக்கக் கதை. பிறகு ஆர் உம்மட்டை வருவினம்? ஒரு புளியங்கொட்டையை நம்பி மானத்தை விக்கப் போறீரோ?"

உங்களுக்கு ஒரு வீரக் கதை சொல்ல எனக்கு ஆசைதான். உடனே எழும்பி ஃபோனைக் கையில் எடுத்தேன் என்று எழுதினால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் நான் எழும்பவில்லை. அந்த டயரில் ஐந்தாறு நிமிடம் அப்படியே குந்தியிருந்தேன். என்ன யோசித்தேன் தெரியுமா? சில்லு கழன்றால் என்ன ஆகும் என்றல்ல. கோயிலில் என்னைக் காணும்போது ஆட்கள் என்ன சொல்வார்கள் என்று. அத்தனை வருட அனுபவம் என் தலைக்குள் இருந்தது. அதன்மேல் ஏறி மானம் குந்தியிருந்தது.

பிறகு ஒன்று மட்டும் புத்தியில் பட்டது. கொட்டையை மாற்ற மறக்கக்கூடியவன் என்று குணம் அண்ணை என்னைச் சொன்னார். அது உண்மை என்றால், போல்ட்டை இறுக்க மறக்கக்கூடியவனும் அதே ஆள்தான். கொட்டையை நம்ப ஏலாது என்றால் என்னையும் நம்ப ஏலாது. அப்படியென்றால் மூன்று காரல்ல, பதினொன்றும்.

முதல் கார் குணம் அண்ணையுடையது. அது முற்றத்திலேயே நின்றது. போய் அளவுச் சாவியை வைத்தேன். இருபது போல்ட்டும் டிக் சொல்லின. அவர் வெற்றி பெற்றவர் மாதிரிப் பார்த்தார். நான் பட்டியலை வாங்கி ஃபோனை எடுத்தேன்.

ஒன்பது பேர் பேசினார்கள். எல்லாரிடமும் ஒன்றைத்தான் சொன்னேன்: "காரை எடுக்காதேங்கோ. ஒரு சில்லு நான் இறுக்காமல் விட்டிட்டன். உங்கடதாயும் இருக்கலாம். நான் வந்து பாக்கிறன்." ஒருவர் சிரித்தார். ஒருவர், "அண்ணை, பென்சன் எடுக்கிற வயசு வந்திட்டுதுபோல" என்றார். இன்னொருவரின் மனைவி பின்னாலிருந்து, "நான் அப்பவே சொன்னனான், காசைக் குடுத்துக் கராஜில செய்யுங்கோ எண்டு" என்று எனக்குக் கேட்கவேண்டிய அளவுக்குச் சத்தமாகச் சொன்னார். நல்லவேளையாக எல்லாரும் வீட்டில் இருந்தார்கள், அல்லது வீட்டுக்குப் பக்கத்தில்.

மிச்சம் ஒருத்தி. சுகந்தி. மணி அடித்தது, எடுக்கவில்லை. திரும்ப அடித்தது, எடுக்கவில்லை.

அவள் எங்கே போகிறாள் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். மகள் ஆரணிக்கு ஹனோவரில் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. அன்றைக்குத்தான் கொண்டுபோய் விடப் போகிறாள். காலையில் கார் வந்தபோதே பின் இருக்கை முழுக்க மெத்தை, குக்கர், பத்துக் கிலோ அரிசி மூட்டை இரண்டு. மூன்று மணிக்கு வீட்டுக்குப் போய் மகளையும் மிச்சச் சாமானையும் ஏற்றிக்கொண்டு ஓட்டோபான் விரைவுச்சாலையில் ஏறுவதாகச் சொல்லியிருந்தாள். அவ்வளவு பாரத்தோடு, அந்த வேகத்தில், ஒரு சில்லு இறுக்காமல்.

மலர் அக்கா சட்டி கழுவிய கையோடு வெளியே வந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"அவள் ஓடேக்க ஃபோனைக் கைப்பைக்குள்ள போட்டுப் பின்னால வைக்கிறவள். எடுக்கமாட்டாள்" என்றார். "ஆரணியின்ர நம்பர் இருக்கே?"

எங்கள் இருவரிடமும் இல்லை.

"இஞ்ச, தமிழ்ப் பள்ளிக்கூடப் பெற்றார் குழுவில குரல் செய்தி போடும். ஆராவது ஒருத்தரிட்டை அவளின்ர நம்பர் இருக்கும்." தன் ஃபோனை நீட்டினார். பிறகு கொஞ்சம் தயங்கினார். "ஆனா தம்பி, இதில போட்டா லண்டன்வரைக்கும் போகும்."

"போகட்டும் அக்கா. அங்கால கனடாவுக்கும் போகட்டும்."

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அன்பான பெற்றோர்களே, இன்று நடைபெற்ற டயர் மாற்றும் நிகழ்வில் எதிர்பாராத விதமாக ஒரு சிறு தவறு..." என்று தொடங்கினேன்.

மலர் அக்கா ஃபோனைப் பறித்தார். "நியூஸ் வாசிக்காதையும். விஷயத்தைச் சொல்லும்."

இரண்டாம் முறை சொன்னேன்: "சுகந்தியின்ர காரின்ர சில்லை நான் இறுக்காமல் விட்டிட்டன். பிழை என்ரது. அவளும் மகளும் ஹனோவர் போற ஓட்டோபானில போய்க்கொண்டிருக்கினம். ஆரணியின்ர நம்பர் இருக்கிறவை உடனே எடுத்து, காரை நிப்பாட்டச் சொல்லுங்கோ. நம்பர் இல்லாதவை தெரிஞ்ச ஆக்கள் எல்லாருக்கும் இதை அனுப்புங்கோ."

எங்கள் ஆட்களிடையே கதை பரவும் வேகத்தைப்பற்றி நான் வாழ்நாள் முழுக்கக் குறைபட்டிருக்கிறேன். என் வீட்டில் சோபா மாற்றினால் இன்னொரு நகரமான கெல்சென்கிர்ச்சனில் அதன் நிறத்தைப்பற்றிக் கருத்துச் சொல்வார்கள். அன்றைக்கு மட்டும், இன்னும் கொஞ்சம் வேகமாகப் பரவக்கூடாதா என்று அந்த ஃபோனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒருவர் கும்பிடுகிற படம் போட்டார். ஒருவர் அழுகிற முகம் போட்டார். ஒருவர், "எந்த டயர்க் கொம்பனி?" என்று கேட்டார். நான் திரும்பவும் அந்தப் பழைய டயரில் குந்தினேன். களைப்பால் என்று குணம் அண்ணையிடம் சொன்னேன்.

சரியாக ஒன்பதாவது நிமிடம் எனக்குத் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது.

"மாமா, ஆரணி. நாங்கள் ஓட்டோபானில காமன் சந்தி தாண்டி ஒரு பார்க்கிங்கில நிக்கிறம்."

என் வாயில் வந்தது முட்டாள்தனமான கேள்வி ஒன்றுதான்: "ஆர் சொன்னது?"

"கெல்சென்கிர்ச்சனில என்னோட டான்ஸ் பழகின பிள்ளை. அவளுக்கு அவளின்ர சித்தி சொன்னவா. சித்திக்கு நோர்வேயில இருந்து ஆரோ எடுத்தவை."

ஒரு முற்றத்தில் சொன்ன செய்தி நோர்வே போய்த் திரும்பி, ஓடிக்கொண்டிருந்த காருக்குள் ஒன்பது நிமிடத்தில் போயிருக்கிறது.

"காரை ஒரு அடியும் அசைக்காதேங்கோ. இறங்கித் தள்ளி நில்லுங்கோ. நான் வாறன்."

தம்பிமாரே, தங்கச்சிமாரே, இதை எழுதச் சொன்னபோது உங்களுக்கு நான் சொல்ல நினைத்தது இந்த இடம்தான். நீங்களும் ஒருநாள் பிழை விடுவீர்கள். பிழை விடாதவர் இந்தத் தொழிலில் இல்லை. இருக்கிறார் என்றால் அவர் கணக்கு எழுதுகிற மேசையில் இருக்கிறார். அந்த நாளில் உங்களுக்குச் சந்தேகம்தான் இருக்கும், நிச்சயம் இருக்காது. நிச்சயம் வரட்டும் என்று காத்திருந்தால் அதை உங்களுக்குப் பொலிஸ்தான் கொண்டுவரும். சந்தேகத்தோடேயே ஃபோனை எடுங்கள். வணக்கம் சொல்லாமல் விஷயத்தைச் சொல்லுங்கள். நான் குந்தியிருந்த அந்த ஐந்தாறு நிமிடத்தை யாரும் எனக்குத் திருப்பித் தரவில்லை. அவள் ஓட்டோபானில் ஏறியது அந்த நேரத்துக்குள்தான்.

குணம் அண்ணையும் நானும் என் காரில் போனோம். அதில் இன்னும் கோடைகால டயர். ஊருக்கெல்லாம் மாற்றிக் கொடுத்தவனுக்குத் தன்னுடையதை மாற்ற நேரம் கிடைக்கவில்லை. வழியில் என் மனைவி ஃபோன் எடுத்தாள். "உங்களுக்கு ஓட்டோபானில ஏதோ ஆச்சுதாம். கனடாவில இருந்து அக்கா எடுத்து அழுறா. நீங்கள் இருக்கிறியளோ?"

"இருக்கிறன்."

"இருக்கிறியள் எண்டா அவவுக்கு ஒருக்கா எடுத்துச் சொல்லுங்கோ. நான் சொன்னா நம்புறா இல்லை."

பார்க்கிங்கில் தாயும் மகளும் காரைவிட்டுத் தள்ளி, புல்லில் நின்றார்கள். சுகந்தி என்னைக் கண்டதும் கார்ச் சாவியை மட்டும் நீட்டினாள். ஏசுவாள் என்று வழிநெடுக ஆயத்தப்படுத்திக்கொண்டு வந்தவனுக்கு அது பெரிய அடி.

"முன்னால இடது பக்கம், மாமா" என்றாள் ஆரணி. "நான் பாத்திட்டன்."

குனிந்து பார்த்தேன். ஐந்து போல்ட்டில் மூன்றை விரலால் திருப்ப முடிந்தது.

காரை ஜாக்கில் தூக்கினேன். சில்லைக் கழற்றி, ரிம்மின் ஓட்டைகள் வெட்டுப்பட்டிருக்கின்றனவா என்று ஃபோன் வெளிச்சத்தில் இரண்டு முறை பார்த்தேன். வெட்டுப்பட்டிருந்தால் கார் அங்கிருந்து அசையக் கூடாது. நல்லவேளை, சுத்தமாக இருந்தன. போல்ட்டுகளும் கெடவில்லை.

"சத்தம் கேட்டது அண்ணை" என்றாள் சுகந்தி பின்னாலிருந்து. "டக்கு டக்கெண்டு. அரிசி மூட்டைக்கு மேல குக்கர் ஆடுதெண்டு நினைச்சன். பாட்டைக் கூட்டி விட்டன்."

"பிள்ளை, என்ர பிழை."

"நீங்கள்தானே இறுக்கினது. அதுதான் சில்லெண்டு நினைக்கவேயில்லை."

இருபத்தாறு வருடத்தில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய நற்சான்றிதழ் அதுதான். மண்ணுக்குள் போய்விடலாம்போல இருந்தது.

சில்லைத் திரும்ப மாட்டி, கைச்சாவியால் இறுக்கி, காரை இறக்கினேன். அளவுச் சாவியை எடுத்தபோது ஆரணி கையை நீட்டினாள்.

"தாங்கோ மாமா. நான் செய்யிறன்."

"இது கொஞ்சம் பாரம் பிள்ளை..."

"நீங்கள் எப்பிடி எண்டு சொல்லுங்கோ. செய்யிறது நான்."

அவளுடைய குரலில் கோபம் இல்லை. என்னை நம்பவில்லை, அவ்வளவுதான். எதிரெதிர்ப் போல்ட்டாக, நட்சத்திரம் கீறுகிற மாதிரி என்று சொன்னேன். டிக் சொன்ன பிறகு மேலும் இழுக்கக் கூடாது என்றேன். முதல் சில்லை முடித்தாள். நான் எழும்பப் போனேன். அவள் பின் சில்லுக்குப் போனாள்.

"அது இறுக்கமாத்தான் இருக்கும்" என்றேன்.

"இருக்கும்" என்றாள், போல்ட்டில் சாவியை வைத்தபடி. நாலு சில்லும், இருபது போல்ட்டும். ஒவ்வொரு டிக்குக்கும் வாய்விட்டு எண்ணினாள். குணம் அண்ணையும் சுகந்தியும் நானும் மூன்று பேரும் நின்று கேட்டோம்.

முடித்துவிட்டுத் தாயிடம் சொன்னாள்: "அம்மா, இது ஒண்டும் பெரிய வேலையில்லை. ஈஸ்டருக்கு நான் வீட்டை வருவன்தானே. இனி நாங்களே மாத்துவம். மாமாவிட்டப் போகத் தேவையில்லை."

சுகந்தி என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். ஆகக் குறைந்த செலவில் என்ன செய்யலாம் என்று என்னிடம் கேட்டவர்களுக்கு இருபத்தாறு வருடமாக நான் சொன்ன பதில்களில் இதைவிட மலிவானதும் சரியானதும் இல்லை. அதைச் சொல்ல எனக்கு ஏன் ஒருநாளும் தோன்றவில்லை என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். ஆட்கள் என்னைத் தேடி வருவது எனக்குப் பிடித்திருந்தது போலும்.

"இந்தச் சாவி என்ன விலை மாமா?"

"கொண்டு போம் பிள்ளை. ஐம்பது கிலோமீற்றர் ஓடினாப் பிறகு நிப்பாட்டி இன்னொருக்காப் பாக்கவேணும். ஒரு போல்ட்டையும் விடக்கூடாது."

"தெரியும்" என்றாள். வாங்கிப் பின்பக்கத்தில் வைக்காமல், முன் இருக்கையில் தன் காலடியில் வைத்துக்கொண்டாள்.

கார் மெதுவாகப் புறப்பட்டு ஓட்டோபானுக்குத் திரும்பும் வழியில் ஏறியது. நான் முன் இடது சில்லையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது ஒரு சாதாரணச் சில்லு மாதிரிச் சுழன்றது. லொறி ஒன்று மறைக்கும்வரை பார்த்தேன்.

"சரி, பிடிபட்டுது. இனி வீட்டை போய்ப் படுப்பம்" என்றார் குணம் அண்ணை.

"ஒண்டு பிடிபட்டதெண்டா ஒண்டுதான் எண்டு ஆர் சொன்னது? மிச்ச ஒன்பது வீட்டுக்கும் வாறனெண்டு சொல்லியிருக்கிறன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "போம். ஒன்பது வீட்டிலயும் என்னத்தால இறுக்கப் போறீர்?"

என் இரண்டு கையும் வெறுமையாக இருந்தன. கடைகள் பூட்ட இன்னும் நேரம் இருந்தது. புதுச் சாவி வாங்கிக்கொண்டு முதல் வீட்டின் மணியை அடித்தபோது, அந்த வீட்டுப் பெண் கதவைத் திறந்து, உள்ளே திரும்பிக் கூப்பிட்டார்: "இஞ்சேரப்பா, செத்துப் போனாரெண்டு கனடாவில இருந்து சொன்ன ஆள் சில்லு இறுக்க வந்திருக்கிறார்."